தாளமே விதியாக: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்திலிருந்து ஓர் இசை விளையாட்டு

1. கேள்வி

ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலின் ஊர். இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 1984இல் கிருஷ்ணன்கோவிலில் தொடங்கிய கலசலிங்கம் பொறியியல் கல்லூரி இன்று பல்கலைக்கழகம். ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013இல் வந்தது. கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே குறைவில்லை. ஆடிப்பூரத் தேரோட்டம், பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழி, ஊருக்கு ஊர் பொங்கல் திருவிழா, கல்யாண மேளம் என்று அவர்களில் பலரும் கொட்டுச் சத்தத்தின் நடுவிலேயே வளர்ந்தவர்கள். வீடியோ கேம் செய்வதற்கான கருவிகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கொடாட் என்ற விளையாட்டு இயந்திரம் 2014 முதல் திறமூலமாக இலவசமாகக் கிடைக்கிறது. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து இசையைக் கருவாகக் கொண்ட ஒரு வீடியோ கேம் செய்வது என்பது இவ்வூர்களில் இன்று நடக்கக்கூடிய காரியம்.

அப்படி ஒரு குழு உட்காரும்போது அதன் முன் நிற்கும் கேள்வி ஒன்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இசை விளையாட்டில் இசைக்கு என்ன வேலை? திரையில் நடக்கும் ஓட்டத்துக்குப் பின்னால் ஒலிக்கும் அலங்காரமா, ஆட்டத்தின் விதியே அதுவா? இந்தக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்தே குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பதும் முடிவாகிறது. என் வாதம் இது: உலகில் இதுவரை வெற்றி பெற்ற இசை விளையாட்டுகள் இசையை விதியாக வைத்தவை. அவற்றை உருவாக்கிய நண்பர் குழுக்களில் இசை அறிந்தவர் உள்ளேயே இருந்தார். தமிழ் இசை மரபில் அப்படி விதியாகக் கூடியது தாளம். அதை விளையாட்டாக்க வேண்டுமென்றால் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருவான அச்சை அப்படியே எடுத்து நாதஸ்வர ஒலியை அதில் ஊற்றினால் போதாது.

2. இதுவரையிலான புரிதல்

இசை விளையாட்டின் வரலாற்றை 1996இல் ஜப்பானில் வெளிவந்த ‘பராப்பா தி ராப்பர்’ என்பதிலிருந்து தொடங்குவது வழக்கம். மசாயா மத்சுரா என்ற இசைக்கலைஞர் வடிவமைத்தது அது. ஆசான் ஓர் அடி சொல்வார். ஆடுபவர் அதே தாளத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். மறு ஆண்டு கொனாமி நிறுவனத்தின் ‘பீட்மேனியா’ வந்தது. 1998இல் அதே நிறுவனத்தின் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ நான்கு அம்புக்குறிகள் போட்ட மேடை மேல் ஆடுபவரை ஏற்றிவிட்டது. திரையில் குறிகள் நகர்ந்து வந்து ஒரு கோட்டைத் தொடும்; தொடும் கணத்தில் கையோ காலோ விழ வேண்டும். இந்த அமைப்பே அடுத்த கால் நூற்றாண்டுக்கு இசை விளையாட்டின் இலக்கணம் போல ஆகிவிட்டது. 2005இல் வந்த ‘கிட்டார் ஹீரோ’ அதை உலகமெங்கும் கொண்டுபோனது. ஆண்டுக்கு ஆண்டு புதுப் பதிப்பு, விலை கூடிய பிளாஸ்டிக் கிட்டார், பாடல் உரிமைச் செலவு என்று சந்தை திகட்டிப்போன பிறகு, ஆக்டிவிஷன் நிறுவனம் 2011 பிப்ரவரியில் அந்தப் பிரிவையே மூடியது.

இவ்விளையாட்டுகளைப் பற்றி இரண்டு பார்வைகள் உண்டு. பிளாஸ்டிக் கிட்டாரில் ஐந்து பொத்தான்களை அழுத்துபவன் இசைக்கலைஞன் ஆகிவிட மாட்டான், இது வெறும் பாவனை என்பது ஒன்று. பல இசைக்கலைஞர்களே இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். மற்றது, இசையியலாளர் கிரி மில்லர் 2012இல் வெளியிட்ட ‘பிளேயிங் அலாங்’ நூலில் விரிவாக எழுதிய பார்வை. ஆடுபவர்களிடம் நேரில் கேட்டும் அவர்கள் ஆடுவதைக் கவனித்தும் அவர் ஆராய்ந்தார். முன்பே பதிவான இசைக்கு உடலால் உயிர் கொடுக்கும் ஒரு புதுவகை நிகழ்த்துதல் இது, ஆடுபவர்கள் பாட்டை முன்னைவிடக் கூர்ந்து கேட்கப் பழகுகிறார்கள் என்பது அவர் முடிவு.

மில்லரின் பக்கமே வலுவானது என்று கருதுகிறேன். ஆனால் இரண்டு பார்வைகளும் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன. ஆடுபவர் வாத்தியக்காரரின் இடத்தில் உட்கார்கிறார் என்பதை இரண்டும் கேள்வியின்றி ஏற்கின்றன. இசையரங்கில் வேறு இடங்களும் உண்டு. கேட்பவர், எதிர்ப்பாட்டுப் பாடுபவர், தாளம் போடுபவர் ஆகியோரும் அங்கே சும்மா இருப்பதில்லை. தமிழ் மரபில் அந்த இடங்களுக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதன் ஒரு பகுதி ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே கிடைக்கிறது.

3. பெரியாழ்வாரும் ஆண்டாளும் எடுத்தாண்ட ஆட்டங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேர்ந்த பெரியாழ்வாரின் திருமொழியைப் பக்தி இலக்கியமாகவும் பிள்ளைத்தமிழின் முன்னோடியாகவும் படித்துப் பழகியிருக்கிறோம். விளையாட்டின் வரலாற்றை ஆராய்பவருக்கும் அது ஒரு மூல ஆவணம். கண்ணனைக் குழந்தையாக்கித் தாலாட்டு, அம்புலியை அழைத்தல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை என்று வரிசையாகப் பாடிச் செல்கிறார். சப்பாணி என்பது குழந்தை கைகொட்டும் பருவம். தாய் பாட, அந்தப் பாட்டின் அடி முடியும் இடத்தில் குழந்தை கைகொட்ட வேண்டும். பாட்டைக் கேட்டு உரிய நேரத்தில் ஒரு செயலைச் செய்வது என்ற அடிப்படை விதி இதிலேயே இருக்கிறது. எந்த இசை விளையாட்டுக்கும் முதல் பாடம் இதுதான்.

இதைவிட முக்கியமானது மூன்றாம் பத்தின் ஒன்பதாம் திருமொழி. உந்தி பறத்தல் என்ற பெண்கள் விளையாட்டை அடிப்படையாகக் கொண்டது அது. உந்தி எப்படி ஆடப்பட்டது என்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் பலவிதம். பாட்டின் அமைப்பு மட்டும் தெளிவாக இருக்கிறது. ஒருத்தி கண்ணனின் செயலைப் பாடுகிறாள். அடுத்த பாட்டில் மற்றவள் இராமனின் செயலைப் பாடுகிறாள். இப்படியே மாறி மாறிப் போகிறது. ஒரே சந்தம், ஒரே முடிப்பு, எதிரெதிர் அணி. இருவர் ஆடும் ஆட்டத்துக்கு வேண்டிய எல்லாமே இதில் உண்டு: முறை மாறுதல், போட்டி, பொது விதி. பாட்டு இல்லாவிட்டால் அந்த ஆட்டமே இல்லை.

அதே ஊரைச் சேர்ந்த ஆண்டாளிடமும் விளையாட்டு இருக்கிறது. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழி மணலில் சிற்றில் கட்டி ஆடும் சிறுமியர் குரலில் அமைந்தது. நான்காம் திருமொழி கூடல் இழைத்தல் என்ற குறிபார்க்கும் விளையாட்டு. கண்ணை மூடி மணலில் வட்டம் சுழித்து, தொடங்கிய இடத்தில் கோடு வந்து சேர்கிறதா என்று பார்ப்பது அது. சுழற்சி தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து சேர வேண்டும் என்ற இந்த எதிர்பார்ப்புக்குத் தாளத்திலும் ஓர் இடம் உண்டு. அடுத்த பகுதியில் அதற்கு வருகிறேன்.

இவை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மட்டும் உரியவை அல்ல. மாணிக்கவாசகர் திருவாசகத்தில் அம்மானை, சாழல், உந்தி, தோணோக்கம், பொன்னூசல் என்று பெண்கள் ஆட்டங்கள் பலவும் பதிகங்களாகியிருக்கின்றன. கலம்பக நூல்களில் வரும் அம்மானை மூன்று பெண்கள் காய்களை வீசிப் பிடித்தபடி பாடுவது. முதலாமவள் ஒரு செய்தி சொல்வாள். இரண்டாமவள் அதில் ஒரு கேள்வி எழுப்புவாள். மூன்றாமவள் சிலேடையாகப் பதில் சொல்லி முடிப்பாள். தேவநேயப் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்று தனி நூலே எழுதி நம் ஆட்டங்களைத் தொகுத்தார். கோலாட்டத்தையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். குறிப்பாகப் பின்னல் கோலாட்டம்: மேலே கட்டிய கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு ஆடும்போது கயிறுகள் பின்னலாகும், அதே அடிகளைத் திருப்பிப் போட்டு ஆடினால் பின்னல் அவிழும். ஒருவர் அடி தவறினாலும் சிக்கல் எல்லோருக்கும். பலர் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டுக்கு இதைவிடத் தெளிவான வடிவத்தை நான் பார்த்ததில்லை.

இந்தச் சான்றுகளை வைத்து, தமிழர்கள்தாம் இசை விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள் என்று பெருமை பேச வரவில்லை. பாட்டுக்கேற்பக் கைகொட்டும் ஆட்டங்கள் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. இந்த ஆட்டங்களில் யாரும் வாத்தியக் கலைஞரின் வேடம் போடுவதில்லை. பாடுபவர், பதில் சொல்பவர், கைகொட்டுபவர், கோல் தட்டுபவர் என்று ஒவ்வொருவருக்கும் அந்த இசைக்குள் தன் சொந்த வேலை இருக்கிறது.

4. தாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்

கச்சேரியிலோ கோயில் மண்டபத்து மேளத்திலோ முன்வரிசையில் இருப்பவர்களின் கைகளைக் கவனித்தால் இக்கட்டுரையின் மையக் கருத்து விளங்கும். ஆதி தாளம் என்றால் ஒரு தட்டு, சுண்டுவிரல் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. மொத்தம் எட்டு அட்சரம். ஆவர்த்தனம் முடிந்ததும் மறுபடி முதல் தட்டு. இதைப் போடுபவர் எந்த ஒலியையும் உண்டாக்கவில்லை, எந்தப் பாட்டையும் பாடவில்லை. ஆனாலும் அவர் ஆட்டத்தில் இருக்கிறார்.

தவில்காரர் தனி வாசிக்கும்போது அந்த ஆட்டம் சூடுபிடிக்கிறது. அட்சரத்துக்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். சதுஸ்ர நடையில் ஒவ்வோர் அட்சரத்துக்குள்ளும் நான்கு மாத்திரை. ஒன்றுக்கொன்று இடைவெளி 250 மில்லி விநாடி. திஸ்ர நடைக்கு மாறினால் மூன்று மாத்திரை, 333 மில்லி விநாடி. கண்டத்தில் ஐந்து, மிஸ்ரத்தில் ஏழு, சங்கீர்ணத்தில் ஒன்பது. கைத் தட்டின் வேகம் மாறவே கூடாது. உள்ளே நடக்கும் நடைதான் மாறுகிறது. கேட்பவரின் கை தன்னையறியாமல் தவிலின் பின்னால் ஓடப் பார்க்கும். ஓடாமல் பிடித்து நிறுத்துவதே திறமை.

பிறகு கோர்வை. ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து, இடையிடையே இடைவெளி விட்டு, கடைசி அடி முடிந்ததும் சரியாகச் சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டில், வந்து நிற்க வேண்டும். ஆதி தாளத்தில் சதுஸ்ர நடையில் ஒரு ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. தகதிமி தகிட தகிட என்ற பத்து மாத்திரைச் சொல்லை மூன்று முறை வாசித்தால் 30. நடுவில் இரண்டு இடங்களில் ஒவ்வொரு மாத்திரை விட்டால் 32. எட்டு மாத்திரைச் சொல்லாக இருந்தால் இடைவெளி நான்கு. ஆறு மாத்திரையாக இருந்தால் ஏழு. பாட்டு தொடங்கும் இடமான எடுப்பு சமத்திலிருந்து அரை அட்சரம் தள்ளி இருந்தால் கணக்கு 34 ஆகிறது. அப்போது பத்து மாத்திரைச் சொல்லுக்கு இடைவெளி இரண்டு, எட்டு மாத்திரைச் சொல்லுக்கு ஐந்து. தவில்காரர்கள் இந்தக் கணக்கை எழுதிப் பார்ப்பதில்லை, வாசிப்பில் போட்டுக் காட்டுகிறார்கள். கேட்பவர்கள் விரலில் அதைச் சரிபார்க்கிறார்கள். கோர்வை முடிந்து சமம் விழும்போது மண்டபமே தலையசைக்கிறது. கூடல் வட்டம் கூடிய மகிழ்ச்சி அதில் இருக்கிறது.

இந்த உறவை அப்படியே விளையாட்டாக்கலாம். ஆடுபவர் தாளம் போடுகிறார். தவில் அவரைக் குலைக்கப் பார்க்கிறது. கைப்பேசியை மடியில் வைத்துத் திரையில் தட்டலாம், விரல் எண்ணிக்கைக்குத் தனித்தனி இடம் தொடலாம், வீச்சைக் கைப்பேசியின் அசைவுணரி அறியும். மேலிருந்து விழும் குறிகள் எதுவும் வேண்டாம். கிட்டார் ஹீரோவில் ஆடுபவர் கலைஞரைப் பின்தொடர்கிறார். இங்கே கலைஞர் ஆடுபவரைச் சோதிக்கிறார். ஆட்டம் முழுவதும் காதை நம்பி நடப்பதால் கண் தெரியாதவரும் சமமாக ஆட முடியும் என்பது இதன் இன்னொரு சிறப்பு.

இதற்கு அருகே வந்த ஒரு முயற்சியைச் சொல்ல வேண்டும். மலேசியாவைச் சேர்ந்த ஹஃபிஸ் அஸ்மான் தொடங்கிய செவன்த் பீட் குழுவின் ‘ரிதம் டாக்டர்’ 2021இல் முன்பதிப்பாக வெளிவந்தது. அதில் ஒரே பொத்தான். ஆறு அடிகளைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஏழாவதில் மட்டும் தட்ட வேண்டும். திரையில் தோன்றும் காட்சிகள் வேண்டுமென்றே ஆடுபவரின் கவனத்தைக் கலைக்கும். கேட்பதையும் காத்திருப்பதையும் விதியாக்கினாலே ஒரு நல்ல விளையாட்டு எழும் என்பதற்கு இது சான்று. ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ரசாபு தாளத்தில் ஊறிய காதுக்கு ஏழு என்ற எண் அந்நியமே அல்ல.

எதிர்வாதம் ஒன்றையும் பார்க்க வேண்டும். நம் இசையின் உயிர் மனோதர்மம், அதாவது கலைஞர் தம் கற்பனையில் அந்தக் கணத்திலேயே வாசிப்பது. எந்திரம் போடும் மதிப்பெண் அதைக் கொன்றுவிடாதா? நியாயமான அச்சம். பராப்பாவில் ஒரு விடை உண்டு: ஆசான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னால் நல்ல மதிப்பெண், தாளம் தவறாமல் தன் போக்கில் மாற்றிச் சொன்னால் அதற்கும் மேலான நிலை திறக்கும். மறுபக்கம், கட்டுப்பாடே இல்லாத சுதந்திரமும் விளையாட்டாகாது. அமெரிக்காவின் எம்ஐடியில் நண்பர்களான அலெக்ஸ் ரிகோபுலோஸ், எரன் எகோசி இருவரும் 1995இல் தொடங்கிய ஹார்மானிக்ஸ் நிறுவனத்தின் முதல் வெளியீடு, ஜாய்ஸ்டிக்கை அசைத்து யாரும் மனம்போலத் தனி வாசிக்கலாம் என்பது. தவறே நேராது, அதனால் சரியாகச் செய்தோம் என்ற நிறைவும் இல்லை. மிகச் சிலரே அதை வாங்கினார்கள். பிழை நேரக்கூடிய விளையாட்டுகளுக்கு மாறிய பிறகே, கிட்டார் ஹீரோ வரை, அவர்களுக்கு வழி திறந்தது. கோர்வை இந்த இரண்டுக்கும் இடையே நிற்கிறது. முடிவுப் புள்ளி கறாரானது. அங்கே போய்ச் சேரும் பாதை அவரவர் கற்பனை.

5. நண்பர் குழுக்கள்: சில சான்றுகள்

‘தம்பர்’ என்ற விளையாட்டு 2016இல் வந்தது. செய்தவர்கள் இருவர்: மார்க் ஃப்ளூரி, பிரையன் கிப்சன். ஹார்மானிக்ஸில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். முதலாமவர் நிரலாளர், இரண்டாமவர் லைட்னிங் போல்ட் என்ற இசைக்குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர். தொடக்கம் 2009; ஏழு ஆண்டு உழைப்பு. செக் நாட்டின் ‘பீட் சேபர்’ 2018இல் முன்பதிப்பாக வந்தது. இரண்டு நிரலாளர்களோடு இசையமைப்பாளர் யாரோஸ்லவ் பெக் சேர்ந்தார். நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பையும் அவரே ஏற்றார். 2019 நவம்பரில் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2020 அக்டோபரில் லூடம் டேர் என்ற குறுங்காலப் போட்டிக்காக நால்வர் சேர்ந்து சில நாட்களில் செய்தது ‘ஃப்ரைடே நைட் ஃபங்க்கின்’. ஒரு நிரலாளர், இரண்டு ஓவியர்கள், ஓர் இசையமைப்பாளர். அடுத்த ஆண்டு முழுப் பதிப்புக்காக மக்களிடம் 60,000 டாலர் கேட்டார்கள். இருபது லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

மூன்றிலும் இசைக்கலைஞர் வெளியே நின்று காசுக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்தவர் அல்லர். விளையாட்டு எப்படி நடக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்களில் ஒருவர். இந்தச் சான்றுகளுக்கும் ஒரு வரம்பு உண்டு. வென்றவர்களின் கதைதான் நமக்குக் கிடைக்கிறது. அதே போட்டிகளில் இசைக்கலைஞரை உள்ளே வைத்துக்கொண்டும் தோற்றுப்போன குழுக்கள் ஏராளம் இருந்திருக்கும். ஆகவே இசைக்கலைஞர் இருந்தால் வெற்றி நிச்சயம் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. அவர் இல்லாமல் இசையை விதியாக்குவது கடினம் என்பதுவரை சொல்லலாம்.

தமிழர் கைவண்ணத்தில் உருவான சான்று ‘வெண்பா’. டொராண்டோவின் விசை கேம்ஸ் குழு 2023 ஜூலை இறுதியில் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்வது. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது பெற்றது. சமைக்கும்போது வானொலியில் பாட்டு ஒலிக்கும். தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலங்களை நினைவூட்டும்படி அந்தப் பாடல்கள் புதிதாகவே இயற்றப்பட்டன. அங்கே இசை விதியல்ல, நினைவு. அந்தக் கதைக்கு அதுவே பொருத்தம். நம் குழு செய்ய நினைப்பது அதிலிருந்து வேறு வகை. ஆனால் தமிழ் ஒலியை யாருக்காகவும் நீர்க்காமல் அப்படியே வைத்தாலும் உலகம் கேட்கும் என்ற உறுதியை வெண்பா தந்திருக்கிறது. அந்த உறுதி சின்ன விஷயமில்லை.

6. இவ்வூர்க் குழுவில் யார், எந்த இசை

இப்பகுதியின் இசை ஒரே நிறமல்ல. நாதஸ்வரமும் தவிலும் கோயிலிலும் கல்யாணத்திலும் ஒரு விதமாக ஒலிக்கின்றன. கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தில் அவற்றோடு பம்பையும் தமுக்கும் சேர்ந்து வேறு வேகம் எடுக்கின்றன. ராஜகம்பளத்தாரின் தேவராட்டத்தில் பாட்டே கிடையாது. தேவதுந்துபியின் அடி மாறினால் ஆட்டக்காரர்களின் கால் அடி மாறும். முன்னால் ஒருவர் ஆட, பின்வரிசை அவரைப் பின்பற்றும். பெரியதொரு குழு ஒற்றைத் தோல்கருவியைக் கேட்டு நகரும் இந்த ஆட்டத்துக்கும் கால் அடி விளையாட்டுக்கும் உள்ள உறவைத் தனியே விளக்க வேண்டியதில்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகளின் ஓசையும் உண்டு; இன்னும் யாரும் அதை இசையாகக் கேட்கத் தொடங்கவில்லை.

அரையர் சேவையைப் பற்றி மட்டும் என் கருத்து உறுதியானது. ஆழ்வார்களின் நாலாயிரப் பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் கைத்தாளத்தோடும் சேவிக்கும் அந்த மரபு ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி போன்ற சில தலங்களோடு ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிழைத்திருக்கிறது. நாதமுனிகள் தம் மருமக்கள் இருவருக்கும் பாசுரங்களை இசையோடு கற்பித்தார் என்றும், ஒரே நேரத்தில் தட்டிய நாலாயிரம் தாளங்களின் எடையை ஒலியைக் கேட்டே சொன்னார் என்றும் குருபரம்பரை வரலாறு கூறும். காது கொண்டு ஆடும் ஓர் ஆட்டத்துக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது, அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சேவையையே மதிப்பெண் போடும் விளையாட்டாக்கக் கூடாது. அது பரம்பரையாக ஒரு சில குடும்பங்கள் சுமந்துவரும் வழிபாடு. அதன் அசைவுகளையும் அரையர் அணியும் குல்லாயையும் படமாக்கிப் பொம்மை ஆக்குவதில் ஓர் இசை நன்மையும் இல்லை.

இனிக் குழு. மூன்று பேர் நிரல் எழுதவும் படம் வரையவும் தெரிந்தவர்கள் என்றால் நான்காமவர் தவில் வாசிப்பவராக இருக்க வேண்டும். காரணம் வெறும் மரியாதை மட்டுமல்ல. மேளத்தின் காலம் எந்திரக் கடிகாரம் போல ஓடுவதில்லை. உருப்படியின் போக்கில் மெல்ல ஏறும், தனியில் இறுகும். கணினி தானே அடிகளை அளந்து குறிக்க விட்டால் தாளக் குறிகள் தவறிய இடத்தில் விழும். வாசித்தவரே பதிவைக் கேட்டுக்கொண்டு தட்டும் வீச்சும் எங்கே என்று கையால் தட்டிக் குறிக்க வேண்டும். எந்தக் கோர்வை எளிது, எது கடினம், எந்த நடை மாற்றத்தில் கேட்பவர் வழக்கமாகத் தடுமாறுவார் என்பதும் அவருக்கே தெரியும். நிலைகளின் வரிசையை அமைக்க வேண்டியவர் அவர்தான். அது வடிவமைப்பாளரின் வேலை. அந்தப் பெயரிலேயே அவருக்கு உரிமை தர வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மேளக்காரரை ஒரு நாள் கூலிக்கு அழைத்து, ஒரு மணி நேரம் வாசிக்கச் செய்து பதிவு செய்துகொண்டு, அந்த ஒலித் துண்டுகளை என்றைக்கும் பயன்படுத்துவது எளிது. ஆனால் சட்டம்கூட அதை அவ்வளவு சுலபமாக விடவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி நிகழ்த்துபவருக்கு அவருடைய நிகழ்ச்சியின் மேல் 50 ஆண்டு உரிமை உண்டு. ஒலிப்பதிவின் பதிப்புரிமை, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. உருப்படி பழையது, யாருக்கும் சொந்தமில்லை என்பதால் வாசித்தவரின் வாசிப்பும் யாருக்கும் சொந்தமில்லை என்று ஆகிவிடாது. நண்பர்களுக்குள்ளும் எழுத்து வேண்டும். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் கூட்டாளிகளுக்கு லாபத்தில் சமபங்கு. யார் கூட்டாளி, யார் கூலிக்கு வந்தவர் என்பது முதல் நாளே தெளிவாக எழுதப்படாவிட்டால், பின்னால் விடுபட்டுப் போகிறவர் கணினி தெரியாதவராகவே இருப்பார். சென்னை மாகாண முதல்வராக இருந்த பி. எஸ். குமாரசுவாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த ஊர் ராஜபாளையம். கலைஞருக்கு இடம் தருவது இவ்வூருக்குப் புதிதல்ல.

7. கைப்பேசியின் தாமதமும் முதல் சோதனையும்

தொழில்நுட்பத்தில் ஒரு சிக்கலை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். புளூடூத் காதொலிப்பானில் ஒலி வந்து சேர 100 முதல் 300 மில்லி விநாடி வரை தாமதமாகலாம். சதுஸ்ர நடையில் ஒரு மாத்திரையே 250 மில்லி விநாடி என்று பார்த்தோம். இரட்டிப்பு வேகமான மேல்காலத்தில் அது 125. ஆக, ஆடுபவர் பிழையின்றித் தட்டினாலும் கருவி அவரை ஒரு மாத்திரைக்கு மேல் பின்தங்கியவராகக் கணக்கிடக்கூடும். தொடக்கத்திலேயே ஆடுபவரைச் சில ஆவர்த்தனம் தட்டச் சொல்லி, அவருடைய கருவியின் தாமதத்தை அளந்து கழித்துவிட வேண்டும். பல கைப்பேசிகளில் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு முறைக்கு ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. தட்டின் நேரத்தை இந்தத் திரைக் கடிகாரத்தை வைத்து அளக்கக் கூடாது, ஒலிக் கடிகாரத்தை வைத்தே அளக்க வேண்டும். இசையோடு பழகிய நிரலாளர்கள் இதை முதலிலேயே செய்வார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் கடைசியில்தான் கண்டுகொள்வார்கள்.

முதல் பதிப்பு சிறியதாக இருக்கட்டும். ஆதி தாளம் ஒன்று, ஒரு தவில், மூன்று நடை, ஒவ்வொன்றின் இறுதியிலும் ஒரு கோர்வை. உந்தி போல இருவர் மாறி மாறி ஆடும் வசதி இரண்டாம் கட்டத்துக்கு. பின்னல் கோலாட்டம் அதற்கும் பிறகு. பல கைப்பேசிகளை ஒரே தாளத்தில் கட்டிப்போடுவது தனி வேலை. சோதனைக்கு முதலில் உட்கார வைக்க வேண்டியவர்கள், திருவிழாவுக்கும் கல்யாண மேளத்துக்கும் போய் முன்வரிசையில் அமர்ந்து மடியில் தாளம் போடும் பெரியவர்கள். கேம் ஆடிப் பழகிய கல்லூரி நண்பர்கள் பிறகு வரட்டும். அந்தப் பெரியவர்கள் கணக்குத் தவறாமல் போட்டும் கைப்பேசி தவறு என்று சொன்னால் பிழை செயலியில் இருக்கிறது. அதைத் திருத்திய பிறகு அடுத்த தாளத்துக்குப் போகலாம்.